ஆறு சீட்டு

ஒரு கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு வாக்கியம் சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். எழுதிய நாள் 1779 ஜூன் 3. யாருக்கு என்றால், ஜான் பேஜுக்கு; கல்லூரி நாட்களிலிருந்தே அவருடைய உயிர் நண்பர். இரண்டு நாள் முன்புதான் இருவரும் வர்ஜீனியாவின் ஆளுநர் பதவிக்கு எதிரெதிரே நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஜெஃபர்சன் ஜெயித்தார், பேஜ் தோற்றார். நண்பர்களின் ஆர்வம் நம் இருவரையும் போட்டியாளர்களாக்கிவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான், ஆனால் அது அவர்களுடைய போட்டி, நம்முடையதல்ல என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன் என்று போகிறது அந்த வாக்கியம். வாக்கு வித்தியாசமும் ரொம்ப அற்பம், நம்மைப் போன்றவர்களுக்குள் அது உனக்கு வலியையோ எனக்குச் சந்தோஷத்தையோ தரக்கூடியதா என்றும் சேர்த்துக்கொள்கிறார். முதல் தடவை படித்தபோது, ஜெயித்தவன் தோற்றவனுக்கு இதைவிடப் பண்பாக எழுத முடியாது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை ‘அவர்களுடைய’ என்ற சொல்லில் கால் இடறியது. யார் அந்த அவர்கள்? அவர்களுடைய போட்டி என்றால் கிடைத்த பதவி மட்டும் எப்படி இவருடையதாயிற்று? நண்பனின் மனம் நோகக்கூடாது என்று எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இப்படிக் குடைவது அழகில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த வரியை எங்கேயோ, வேறு வாயிலிருந்து, வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன் என்ற நினைப்பு போகவில்லை.

நம் காதுக்கு ஆளுநர் என்றால் தில்லியிலிருந்து அனுப்பப்பட்டுக் கிண்டியில் தங்குகிறவர். அந்தப் பொருளை இங்கே கழற்றி வைத்துவிட வேண்டும். 1776 வரை வர்ஜீனியாவில் இருந்தவர்கள் ஏறக்குறைய அந்த ரகம்தான், லண்டன் அனுப்பிய ஆட்கள். அரசரை உதறிய கையோடு எழுதிய சாசனத்தில் ஆளுநர் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த சதையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அவைகள் இயற்றும் சட்டத்தைத் தடுக்க அவருக்கு உரிமை கிடையாது. எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழுவைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. அந்த எட்டுப் பேரையும் அவைகளே தேர்ந்தெடுக்கும். பதவி ஒரே ஓர் ஆண்டு. தொடர்ந்து மூன்று முறை இருக்கலாம், பிறகு நான்கு ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். முதல் ஆளுநர் பேட்ரிக் ஹென்றி தன் மூன்று ஆண்டையும் முடித்துவிட்டதால்தான் 1779-ல் நாற்காலி காலியானது. நியூயார்க், கனெக்டிகட் போன்ற இடங்களில் வாக்காளர்களே ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள். வர்ஜீனியாவிலும் அதற்குத் தெற்கேயும் அது அவை உறுப்பினர்களின் வேலை. கீழவையினர் தங்கள் அறையிலும் மேலவையினர் தங்கள் அறையிலும் சீட்டில் பெயரெழுதிப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு பெட்டிகளும் கலந்தாய்வு அறைக்கு வரும். இரு அவையிலிருந்தும் அனுப்பப்பட்ட குழுவினர் ஒன்றாக உட்கார்ந்து எண்ணி, தொகையை அவரவர் அவைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இவ்வளவும் சாசனத்திலேயே இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையை எங்கே போடுவது, பக்கத்தில் யார் உட்காருவது என்று பெரியவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதைப் போல, ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் பெட்டியை எந்த அறையில் வைப்பது என்று சொல்கிறது. ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. தெரிந்தவர்களுக்குள்தான் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

ஜூன் 1, வில்லியம்ஸ்பர்க். இரண்டு ஆற்றுக்கு நடுவே சதுப்பை ஒட்டிய ஊர். அந்த மாதத்துப் புழுக்கத்தைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முந்தின மாதம்தான் பிரிட்டிஷ் கப்பல்கள் செசபீக் விரிகுடாவுக்குள் நுழைந்து சஃபோக் ஊரை எரித்துவிட்டுப் போயிருந்தன. காகிதப் பணம் மதிப்பிழந்துகொண்டே வந்தது. ஆளுநராக யார் வந்தாலும் தலையில் முள்முடிதான் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று பெயர்கள். ஜெஃபர்சன், ஹென்றியின் ஆலோசனைக் குழுவில் இருந்து துணை ஆளுநராகவும் வேலை பார்த்த பேஜ், குடிப்படையின் தளபதி தாமஸ் நெல்சன். முதல் சுற்றில் ஜெஃபர்சனுக்கு 55, பேஜுக்கு 38, நெல்சனுக்கு 32. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. நெல்சன் விலக, இரண்டாம் சுற்றில் ஜெஃபர்சன் 67, பேஜ் 61. கூட்டிப் பாருங்கள். முதல் சுற்றில் 125 சீட்டு, இரண்டாம் சுற்றில் 128. புழுக்கம் தாங்காமல் வெளியே நின்றவர்களோ, எதிர்ச் சாவடியில் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்தவர்களோ, மூன்று பேர் இடையில் உள்ளே வந்திருக்கிறார்கள். ஜெஃபர்சனுக்குப் புதிதாகச் சேர்ந்தது 12, பேஜுக்கு 23. அதாவது நெல்சனின் ஆட்களில் பெரும்பாலோர் பேஜ் பக்கம் போயிருக்கிறார்கள். ஜெஃபர்சனை முதல் விருப்பமாக வைத்தவர்கள் அதிகம். அவரை இரண்டாம் விருப்பமாகவாவது வைத்துக்கொள்ள மனம் வந்தவர்கள் குறைவு. வித்தியாசம் ஆறு. ஆனால் மாறிப்போட நான்கு பேர் போதும், பேஜ்தான் ஆளுநர். இந்தக் கணக்கு ஜெஃபர்சனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காற்றின் வெப்பத்தையும் தோட்டத்தில் பட்டாணி பூக்கும் தேதியையும் ஆயுள் முழுக்கக் குறித்து வைத்தவர் அவர். வித்தியாசம் அற்பம் என்று எழுதும்போது அந்த ஆறை அவர் கையில் வைத்து எடைபோட்டுப் பார்த்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. அந்த அவையில் அல்பெமார்ல் மாவட்டத்தின் உறுப்பினராக ஜெஃபர்சனுக்கே ஓர் இருக்கை இருந்தது. பேஜுக்கு இல்லை.

இந்தச் சீட்டும் பெட்டியும் எனக்கு உறுத்தலாகப் படுவதற்கு அதே வர்ஜீனியாவில் நடந்த இன்னொரு விதமான வாக்களிப்புதான் காரணம். அந்த உறுப்பினர்களை அவைக்கு அனுப்பிய வாக்காளர்களுக்குச் சீட்டு கிடையாது. வாயால் சொல்ல வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தின் முன்னால் மேசை போட்டு ஷெரீஃப் உட்கார்ந்திருப்பார். எழுத்தர் பக்கத்தில் பேனாவோடு இருப்பார். வேட்பாளர்களும் அங்கேயே இருப்பார்கள், மாவட்டத்தின் பெரிய பண்ணைக்காரர்கள், பல பேருக்குக் கடன் கொடுத்தவர்கள். பெயர் கூப்பிட்டதும் வாக்காளன் முன்னால் வந்து யாருக்கு என்று ஊர் கேட்கச் சொல்வான். யார் பெயரைச் சொன்னானோ அவர் இருக்கையிலிருந்து எழுந்து தலைகுனிந்து, பெயர் சொல்லி நன்றி சொல்வார். மற்றவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஞாபகத்தில் வைத்துக்கொள்வார். இருபத்தைந்து ஏக்கரும் வீடும் வைத்திருக்கிற வெள்ளைக்காரச் சிறு விவசாயி இத்தனை கண்களுக்கு நடுவில் நின்று தன் மனதில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அவன் அனுப்பி வைத்த கனவான்களோ கதவைச் சாத்திக்கொண்டு, மடித்த காகிதத்தில் ஒரு பெயரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரலாம். யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்க முடியாது. வெளிச்சம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருட்டையும், இருட்டு தேவைப்பட்ட இடத்தில் வெளிச்சத்தையும் வைத்திருக்கிறார்களே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. வர்ஜீனியாவில் வாய்வாக்கு உள்நாட்டுப் போர் முடிந்த பிறகுதான் ஒழிந்தது.

கோபம் நிலைக்கவில்லை. அந்தத் திறந்த வெளி எவ்வளவு நாறியது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1758-ல் ஜார்ஜ் வாஷிங்டன் ஃபிரெடரிக் மாவட்டத்தில் நின்றபோது அவர் பெயரால் வாக்காளர்களுக்கு ஊற்றப்பட்ட ரம், பஞ்ச், வைன், பீர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 160 காலன். ஆள் அந்தப் பக்கமே வரவில்லை, எல்லைக் கோட்டையில் இருந்தார். ஜேம்ஸ் மாடிசன் 1777-ல் ஆரஞ்சு மாவட்டத்தில் நின்றார். புது குடியரசில் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. சாராயக்கடைக்காரர் ஒருவரிடம் தோற்றுப்போனார். அதே ஆண்டு நவம்பரில் அவரை ஆளுநரின் ஆலோசனைக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தது எது? நான் திட்டிக்கொண்டிருந்த அதே பெட்டி. சாராயம் சாத்திய கதவைச் சீட்டு திறந்தது. ஜெஃபர்சன் ஆளுநரானபோது அந்தக் குழுவில் மாடிசன் உட்கார்ந்திருந்தார். இருவரின் ஐம்பதாண்டுக் கூட்டாளித்தனம் அங்கேதான் இறுகியது. சிறிய அறையில் சிலர் கூடி எடுக்கும் முடிவு சில சமயம் ஊர் கூடி எடுக்கும் முடிவைவிடக் கண்ணுள்ளதாக இருந்துவிடுகிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறைக்கவும் முடியவில்லை. மாடிசனே அந்த உதவியை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. 1787-ல் நாட்டின் சாசனத்தை எழுத ஃபிலடெல்ஃபியாவில் கூடியபோது வர்ஜீனியாக்காரர்கள் முன்வைத்த திட்டம் நாட்டின் தலைவரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அந்தக் கோடை முழுக்க விவாதம் முன்னும் பின்னுமாகப் போனது. நாடாளுமன்றம் ஆக்கிவைக்கும் தலைவர் அதற்குக் கைகட்டி நிற்பார் என்று அங்கே எழுந்து பேசியவர்களில் மாடிசனும் ஒருவர். ஒருவேளை அந்த எட்டுப் பேர் குழுவில் உட்கார்ந்து பார்த்ததுதான் அவரைப் பேச வைத்ததோ என்னவோ.

திரும்பவும் அந்த இரண்டு நண்பர்களிடம் வருகிறேன். வில்லியம்ஸ்பர்கின் முக்கியத் தெரு ஏறக்குறைய ஒரு மைல் நீளம். ஒரு முனையில் வில்லியம் அண்டு மேரி கல்லூரி, மறு முனையில் அவைக் கட்டடம். நடுவில் ஒரு பக்கமாகத் திரும்பினால் ஆளுநர் மாளிகை. இருவரும் கல்லூரி முனையில் சந்தித்தார்கள். ஜெஃபர்சன் பேஜுக்கு எழுதிய மிகப் பழைய கடிதங்களில் ஒன்று 1762 கிறிஸ்துமஸ் அன்று எழுதியது, பத்தொன்பது வயது. தங்கியிருந்த வீட்டில் இரவு எலிகள் வந்து தலைமாட்டிலேயே இருந்த பணப்பையைத் தின்றுவிட்டன, பட்டுக் காலுறைப் பட்டிகளையும் புது நடன இசைக் குறிப்புகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டன என்று புலம்பல். அது போதாதென்று கூரை ஒழுகி, பைக்கடிகாரத்துக்குள் தண்ணீர் புகுந்து, அதற்குள் வைத்திருந்த ஒரு பெண்ணின் நினைவுப் படம் கூழாகிவிட்டது. பெண்ணின் பெயர் ரபேக்கா பர்வெல். அடுத்த அக்டோபரில், அதே தெருவில் ராலி விடுதியின் அப்பல்லோ அறையில், அவளோடு ஆடியபோது பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயும் நாக்குக் குழறி நாலு துண்டு வார்த்தைதான் வந்தது என்று பேஜிடம்தான் அழுதிருக்கிறார். அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். வாழ்க்கை எவ்வளவு சின்ன வட்டத்துக்குள் சுற்றியது என்பதற்குச் சொல்கிறேன்: அவள் கணவர் ஜாக்கலின் ஆம்ப்ளர் பின்னாளில் ஆளுநர் ஜெஃபர்சனின் ஆலோசனைக் குழுவில் ஒருவர், அவள் மகளை மணந்த ஜான் மார்ஷல் தலைமை நீதிபதியாகி ஜெஃபர்சனுக்கு ஆயுள் எதிரி. இப்படிப்பட்ட ஊரில், 128 பேரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான், அண்டை நிலத்துக்காரர், கடன்காரர், பழைய வகுப்புத் தோழர் என்று பின்னிக்கிடக்கும் ஊரில்தான் பெட்டி சுற்றி வந்தது. எலி தின்ற காலுறைப் பட்டிக்காகச் சேர்ந்து சிரித்த இருவரின் பெயரைத்தான் சீட்டில் எழுதினார்கள்.

தோற்ற மறுநாள் பேஜ் வாழ்த்துச் சொல்ல ஜெஃபர்சனின் தங்குமிடத்துக்குப் போனார். பார்க்க முடியவில்லை. சொந்த மாவட்டமான குளோஸ்டருக்குக் கிளம்பியாக வேண்டியிருந்ததால், சொல்லாமல் போவதாக நினைக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி வைத்தார். உனக்கு என் மனம் தெரியும், ஊர்தான் தப்பாகப் பேசும், அதற்காகவே இந்த மன்னிப்பு என்கிற தொனி. அதற்குப் பதிலாக வந்ததுதான் நான் மேலே சொன்ன கடிதம். ஊர் தப்பாகப் பேசினால் அது நரகத்துக்குப் போகச் சேர்த்து வைத்திருக்கிற பாவக் கணக்கில் இன்னும் ஒன்று கூடும், அவ்வளவுதான், நமக்குள் இந்த மாதிரிச் சம்பிரதாயம் இதுவே முதலும் கடைசியுமாக இருக்கட்டும் என்றார் ஜெஃபர்சன். பழைய குறும்பு எட்டிப் பார்க்கிறது. ஆனால் இத்தனை வருடம் கடிதம் எழுதிக்கொண்ட இருவருக்கு நடுவில் சம்பிரதாயம் முதல் முறையாக வந்து உட்கார்ந்ததும் அன்றுதான்.

அந்த வரியை எங்கே கேட்டேன் என்பது பிறகு ஒரு நாள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். பதினோரு பேர். ஊழியர்கள் எங்களைத் தேர்ந்தெடுப்பார்கள், நாங்கள் எங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். அந்த வருடம் இரண்டு பேர் நின்றார்கள். இருவருமே எனக்கு நெருக்கம், ஒருவருக்கொருவர் அதைவிட நெருக்கம். பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்துச் சீட்டாக்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டோம். டப்பாவின் அடியில் கொஞ்சம் தூள் இருந்தது. எண்ணும்போது சீட்டில் ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டுப் பிரித்தது நினைவிருக்கிறது. ஆறுக்கு ஐந்து. எல்லோரும் கீழே போய் டீ குடித்தோம். தோற்றவர் என் பக்கத்தில் நின்று கண்ணாடித் தம்ளரைச் சுற்றிக்கொண்டே, “நமக்குள்ள என்ன சார் இருக்கு. பசங்க நிறுத்தினாங்க, நின்னோம்” என்றார். ஜெயித்தவரும் ஐந்து நிமிடம் கழித்து ஏறக்குறைய அதையேதான் சொன்னார். நான் யாருக்குப் போட்டேன் என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. தோற்றவர் ஓய்வு பெற்று இப்போது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வாரம் ஒரு முறையாவது காய்கறிக் கடையில் பார்த்துக்கொள்கிறோம். அந்த ஒரு சீட்டு என் கையெழுத்தில் இருந்தது என்பதைச் சுமந்துகொண்டுதான் அவரிடம் வெண்டைக்காய் முற்றலா இளசா என்று பேசுகிறேன். ‘பசங்க’ என்று அவர் சொன்னதில் நானும் ஒருவன். ஜெஃபர்சனின் ‘அவர்களு’க்குள் நின்றுகொண்டுதான் இத்தனை நாள் அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறேன்.

பதவி யாரால் வந்தது என்று தெரியாமலிருப்பது ஆளுகிறவருக்கு வசதியா கஷ்டமா? நன்றிக்கடன் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். அதே சமயம், நாளைக்கு ஒரு நெருக்கடி வந்தால் யார் கூட நிற்பார்கள் என்றும் தெரியாது. 61 பேரில் யாரோ சிரித்தபடி எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஜெஃபர்சன் இதைத் தன் அனுபவமாக எழுதவில்லை, கோட்பாடாக எழுதினார். ஆளுநர் பதவியிலிருந்து இறங்கிய பிறகு எழுதிய ‘வர்ஜீனியா மாநிலத்தைப் பற்றிய குறிப்புகள்’ நூலில், சட்டம் இயற்றுவது, ஆளுவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் கடைசியில் ஒரே அவையிடம் போய் முடிகின்றன, ஒரு கொடுங்கோலருக்குப் பதிலாக 173 பேர் இருந்தால் கொடுமை குறைந்துவிடாது என்கிறார். 173 என்பது அலங்காரத்துக்குச் சொன்ன எண்ணில்லை. கீழவை 149, மேலவை 24 என்று தலையெண்ணிச் சொன்னது. அதே நூலில் இன்னொரு பக்கத்தில், மாநிலத்தின் மக்கள்தொகையைக் கணக்கிட்டு, அடிமைகள் 2,70,762 பேர் என்று அதே துல்லியத்தோடு எழுதியிருக்கிறார். சுதந்திரமானவர்கள் மூன்று லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. 173 பேரிடம் சிக்கிக்கொண்ட ஆளுநருக்காக வருந்தும் கைதான் இந்த எண்ணையும் எழுதியது. அடிமை முறை எசமானனையும் கெடுக்கும் என்று அந்த நூலில் நடுங்கும் பக்கங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொடுங்கோன்மை என்ற சொல்லை அவர் எண்ணிக்கையோடு சேர்த்து எழுதிய இடத்தில் அந்த இரண்டே முக்கால் லட்சம் பேர் நினைவுக்கு வரவில்லை. 1779-ன் சீட்டில் யார் பெயர் வந்திருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் மாறியிருக்காது. பேஜின் ரோஸ்வெல் மாளிகை, யார்க் ஆற்றுப் பக்கம் மூன்று மாடிச் செங்கல் கட்டடம், அதுவும் அப்படிப்பட்டவர்கள் பாடுபட்டு நிறுத்தியதுதான்.

பெட்டியின் இன்னொரு முகம் 1781-ல் தெரிந்தது. தலைநகர் அதற்குள் ரிச்மண்டுக்கு மாறியிருந்தது. அந்த ஜனவரியில், பிரிட்டிஷ் பக்கம் போய்விட்ட பெனடிக்ட் ஆர்னால்டு வந்து ரிச்மண்டைச் சூறையாடினார். ஆபத்து நெருங்க நெருங்க அவை மேற்கே சார்லட்ஸ்வில்லுக்கு, ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ குன்றின் அடிவாரத்துக்கு நகர்ந்தது. ஜூன் 2-ஆம் தேதியோடு அவருடைய இரண்டாவது ஆண்டு முடிந்தது. அடுத்தவரை அவை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. மறுநாள் இரவு ஜாக் ஜூயெட் என்பவர் நாற்பது மைல் காட்டுவழியில் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் குதிரைப்படை வருகிறது என்று விடியற்காலையில் எழுப்பினார். உறுப்பினர்கள் மலையைத் தாண்டி ஸ்டான்டனுக்கு ஓடினார்கள், சிலர் பிடிபட்டார்கள். ஜெஃபர்சன் குடும்பத்தை அனுப்பிவிட்டுக் கடைசி நேரத்தில் குதிரையேறினார். பத்து நாள் வர்ஜீனியாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரே இல்லை. ஸ்டான்டனில் ஒரு தேவாலயத்தில் கூடியவர்கள் ஜூன் 12 அன்று தாமஸ் நெல்சனைத் தேர்ந்தெடுத்தார்கள், 1779-ல் மூன்றாவதாக வந்து விலகிய அதே நெல்சன். சர்வாதிகாரி ஒருவரை நியமித்துவிடலாம் என்ற பேச்சுகூட அங்கே எழுந்தது. சில வாக்குகளில்தான் தப்பியது என்று ஜெஃபர்சன் பின்னர் ஆத்திரத்தோடு எழுதினார். நெல்சன் தேர்வான அதே நாளில் ஜார்ஜ் நிக்கலஸ் என்ற இளம் உறுப்பினர் எழுந்து, போன பன்னிரண்டு மாதம் ஆளுநர் நடந்துகொண்ட விதத்தை விசாரிக்க வேண்டும் என்றார். தீர்மானம் நிறைவேறியது. குடிப்படையைச் சரியாகக் கூட்டவில்லை, எச்சரிக்கை வந்தும் அசட்டையாக இருந்தார் என்பது போன்ற குறைகள். ஓடியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓடியவர் ஒருவரை ஏன் ஓடினாய் என்று கேட்டார்கள்.

இப்போது அவர் என்ன சொல்வார்? அவர்களுடைய போட்டி, நம்முடையதல்ல என்று 1779-ல் சொன்னாரே, அந்த அளவுகோலை இங்கேயும் வைத்தால், அவர்களுடைய விசாரணை, அவர்களுடைய கோபம், எனக்கென்ன என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அல்பெமார்லில் மறுபடி நின்று அவைக்குள் வந்து, டிசம்பர் 12 அன்று தன்மீது சொல்லப்பட்ட குறைகளைத் தானே வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். அவை ஒருமனதாக நன்றித் தீர்மானம் போட்டது. அது அவருக்குப் போதவில்லை. அடுத்த மே மாதம், வயதில் இளையவரான ஜேம்ஸ் மன்றோ, மறுபடி அவைக்கு வாருங்கள் என்று வற்புறுத்தியபோது, அந்தக் காயம் ஆற வேண்டுமானால் கல்லறைக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் எழுதினார். கொடுத்தது ‘அவர்கள்’ என்று எட்டி நின்று சொல்ல முடிந்தவருக்கு, குறை சொன்னதும் ‘அவர்கள்’ என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனிதர் அப்படித்தான். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு பேஜுக்கு எழுதிய அந்தக் கனிவான கடிதத்தில் ஒரு சின்னப் பொய் இருப்பது எனக்குத் தெரிகிறது. அந்தப் பொய் இல்லாமல் அந்த நட்பு பிழைத்திருக்குமா என்பது வேறு விஷயம். காய்கறிக் கடையில் நான் மட்டும் என்ன உண்மையா பேசுகிறேன்?

நட்பு பிழைத்தது. 1802-ல், ஆளுநராக மன்றோவின் மூன்று ஆண்டு முடிந்ததும், பேஜும் ஆளுநரானார். ஜெஃபர்சன் அப்போது நாட்டின் அதிபர். அந்தத் தேர்தலும் அவைகளின் சீட்டுதான். வர்ஜீனிய வாக்காளர்கள் தங்கள் ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுக்க 1851 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வில்லியம்ஸ்பர்கில் 1779-ல் வாக்கு எண்ணிய கட்டடம் 1832-ல் எரிந்துபோனது. இன்று அங்கே பயணிகள் பார்க்கும் அவைக் கட்டடம் 1934-ல் திறக்கப்பட்ட மறுகட்டுமானம். அதுவும் அந்தக் கட்டடத்தின் மாதிரி அல்ல, அதற்கும் முந்தைய, 1747-ல் எரிந்த கட்டடத்தின் மாதிரி. இரண்டு பெட்டிகளும் வந்து சேர்ந்த அறை நகலாகக்கூட மிஞ்சவில்லை. ரோஸ்வெல் மாளிகை 1916-ல் எரிந்தது. சுவர்களும் புகைபோக்கிகளும் நிற்கின்றன.

ஜெஃபர்சன் தன் கல்லறைக் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று தானே எழுதி வைத்துவிட்டுப் போனார். விடுதலைப் பிரகடனத்தை எழுதியது, வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதியது, வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. இந்த மூன்றுக்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பு. பிறர் சேர்ந்து கொடுத்த பதவி ஒன்றுகூட அதில் இல்லை. 67 பேர் பெயரெழுதிக் கொடுத்த ஆளுநர் பதவியும் இல்லை.